பன்னிரண்டு சென்டிமீட்டர் பத்திரிகையைத் தேடி ஏழாயிரம்பண்ணைக்கு

தொழிலாளிகள் எழுதிய பத்திரிகை. அதைத் தொழிலாளிகள் படிக்க முடியாது. படிக்க வேண்டுமானால் சென்னைக்குப் போய், பேராசிரியர் கடிதம் காட்டி, நூலகத்துக்குள் இருக்கும் கணினியில் படிக்க வேண்டும். இந்த அநியாயம்தான் போன ஆகஸ்டில் என்னைச் சிவகாசிக்கு பஸ் ஏற்றியது.

பத்திரிகையின் பெயர் ‘வெள்ளிக்கை’. அலுமினியப் பொடி ஒட்டி மின்னும் பட்டாசுத் தொழிலாளியின் கை. ஆலை வெடித்தால் பெரிய பத்திரிகைகள் ‘இருவர் பலி’ என்று முடித்துக்கொள்ளும். வெள்ளிக்கையோ, செத்தது யார், அந்த அறைக்குள் எத்தனை பேரை அடைத்திருந்தார்கள் என்றெல்லாம் எழுதும் என்று ஒரு அடிக்குறிப்பில் படித்திருந்தேன். நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடினேன். இருந்தது. எல்லா இதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். பதிவின் கடைசி வரி: ‘அணுகல்: நூலக வளாகத்துக்குள் மட்டும்.’

பட்டியல் பிரிவில் வேலை பார்க்கும் அக்காவிடம் போனில் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். வெளியிட்டவர் எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் திறந்துவிடலாம். பதிவில் வெளியீட்டாளர் என்று இருப்பது சிவகாசி அச்சகம் ஒன்று. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. செப்டம்பர் கடைசிக்குள் சம்மதம் வராதவற்றை வளாகத்திலும் காட்ட மாட்டார்கள், மூடிவிடுவார்கள். “நேர்ல போறீங்கன்னா படிவம் அனுப்புறேன்” என்றார். அனுப்பவும் செய்தார். அவருக்கு என் முதல் நன்றி.

மதுரையிலிருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டர்; காலையில் இறங்கி எண்ணெய் பரோட்டா கேட்டால் சிரிப்பார்கள், அது சாயங்காலத்துச் சமாச்சாரம். இட்லி தின்றுவிட்டு பஸ் மாறினால் முக்கால் மணி நேரத்தில் சிவகாசி.

அச்சகத்தில் காலண்டர் சீசன். சாமி படங்கள் சரசரவென்று இயந்திரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. முதலாளி ஐம்பது வயது பாய். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நீங்களும் லைப்ரரியா? ‘உங்க பத்திரிகையைத் திறக்கச் சம்மதம் தாங்க’ன்னு மூணு லெட்டரு. நாங்க காலண்டர் அடிக்கிற ஆளுகம்மா. எந்தப் பத்திரிகையை நாங்க பூட்டுனோம், தொறக்க?”

போனில் பதிவைக் காட்டினேன். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. இதழில் ‘அச்சு: சிவகாசி’ என்று அச்சகத்தின் பெயர் மட்டுமே இருந்திருக்கிறது. பட்டியல் போட்டவர்கள் அச்சடித்தவரையே வெளியிட்டவராக்கிவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி, அழைப்பிதழ் அச்சடித்த வகையில் தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் பாதி பாய் வீட்டுக் கல்யாணம். அதை அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பதிவில் ஒரு வரியில் அவர் விரல் நின்றது: ‘அளவு: 12 செ.மீ.’

“அட, இது ஏழாயிரம்பண்ணை மாரியப்பன் அண்ணாச்சி புக்கு! காலண்டர் வெட்டுனது போக மிஞ்சுற துண்டுத் தாள்ல அப்ப முதலாளியா இருந்த எங்கத்தா சும்மா அடிச்சுக் குடுப்பாக. அதான் அம்புட்டு சின்னது. அண்ணாச்சி பட்டாசு கம்பெனியில வேலை பாத்தாரு. பேரு போட்டா மறுநாள் வேலை இருக்காதுன்னு பேரே போட மாட்டாரு. அண்ணாச்சி இப்ப இல்ல, மவுத்தாகிட்டாரு. மக இருக்கு.”

மகளின் நம்பரையும் தேடிக் கொடுத்து, பிரியாணியும் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சிவகாசியில் தங்கினேன் (அறை எழுநூறு ரூபாய், மின்விசிறி சுமார்). ஞாயிறு காலை வெம்பக்கோட்டை வழியாக ஏழாயிரம்பண்ணை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வழியெல்லாம் காய்ந்த காடு, நடுநடுவே ஆலைகளின் தனித்தனி அறைகள்.

மாரியப்பனின் மகள் முத்துச்செல்விக்கு நாற்பது வயதிருக்கும். அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில் வேலை. வீட்டில் ஒரு இதழ்கூட இல்லை. படிவத்தை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்து முடித்தார்.

“கையெழுத்துதான? போடுறேன். ஆனா இப்ப மாட்டேன்.”

“ஏன்க்கா?”

“தீபாவளி போனஸ உங்க லைப்ரரியா தரும்? அதுல எங்கய்யா எங்க கம்பெனியப் பத்தித்தான் கிழிச்சிருப்பாரு. போனஸ் கைக்கு வரட்டும்.”

அவர் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “மாமனாரு பேரு போடாமத் தப்பிச்சாரு. மக சீசன் பாத்துக் கையெழுத்துப் போடுறா.”

“நீங்க சும்மா இருங்க. வெடிமருந்துக்குள்ள உக்காருறது நானு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இம்புட்டு வருசம் பூட்டிக் கிடந்தது போதாதாக்கா?”

“பூட்டுனது நாங்களா?” என்றார்.

படிவம் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டேன். ஒரு வருட உழைப்பின் போனஸை முதலாளியின் கோபத்துக்குப் பயந்து வாங்க வேண்டிய ஊரில், அவசரப்பட எனக்கென்ன உரிமை?

அங்கிருந்தே பட்டியல் அக்காவுக்குப் போன் செய்தேன். ‘உரிமையாளர் கிடைத்துவிட்டார், ஒப்புதல் வரவுள்ளது’ என்று பதிவில் குறிப்பெழுதினால் மூடாமல் நிறுத்தலாம் என்றார். முத்துச்செல்வி அக்கா போனை வாங்கினார். “அப்படியே ஊரையும் மாத்திருங்க தாயி. சிவகாசி இல்ல, ஏழாயிரம்பண்ணை.” கோழிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

போகிறவர்களுக்கு: பதிவின் எல்லா வரிகளையும் படியுங்கள், அளவு உட்பட. வெளியீட்டாளர் என்று ஒரு சிவகாசி அச்சகம் இருந்தால் சந்தேகப்படுங்கள். படிவத்தில் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் போகவே போகாதீர்கள்; யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. கையெழுத்துக் கேட்கும் முன், அதைப் போடுகிறவருக்கு என்ன போகும் என்று கேளுங்கள்.

போனஸ் வந்தது, தீபாவளி முடிந்தது, கையெழுத்திட்ட படிவம் தபாலில் போனது. இப்போது பதிவில் வெளியீட்டாளர் மாரியப்பன், ஊர் ஏழாயிரம்பண்ணை, அணுகல் எல்லோருக்கும். தீபாவளி லீவு முடிந்து ஆலை மறுபடி திறந்த வாரம் முத்துச்செல்வி அக்கா கூப்பிட்டார். கம்பெனி வேனில் போகும்போது போனில் படிக்கிறாராம்.

“சத்தமா வாசின்னு கூட வேலை பாக்குறவளுக உசிர வாங்குதாளுக. டிரைவரு பாட்டக் கூட நிறுத்திட்டாரு.”