பிள்ளையார் சுழி இல்லாத கடிதம்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமானதால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். எங்களை வளர்த்ததும் அவர்தான், அடித்ததும் அவர்தான்.

அக்காவின் கடிதத்தை எடுத்தவுடன் படிக்க முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளையார் சுழியின் வால் நீண்டு கொடியாகித் தாளின் நான்கு ஓரத்தையும் சுற்றி வரும். கொடியெங்கும் பச்சைப் பென்சிலில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் துளிர்த்திருக்கும். "நலம், நலமறிய ஆவல்" தோரணம்போல் வளைந்து தொங்கும். பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் சிவப்பு மையில் இருக்கும். இடம் தீர்ந்துவிட்டால் மீதிச் செய்தி கொடிக்குள் புகுந்து ஓரமாக ஏறும். தாளைச் சுற்றிச் சுற்றித்தான் வாசிக்க வேண்டும்.

என் கல்யாணத்துக்கு அக்கா சம்மதிக்கவில்லை. "இனி உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறம்பொடைக்கு வாழ வந்தேன். மூன்று வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாதம் தவறாமல் கடிதம் வந்தது. வீம்புக்கு நான் பதில் போடவில்லை. ஆனாலும் ஒன்றையும் எறிய மனம் வரவில்லை. கோபம் அக்காவின் மேல்தானே, அந்தக் கொடியின் மேல் என்ன கோபம்?

ஒருநாள் வந்த கடிதத்தில் சுழியும் இல்லை, கொடியும் இல்லை. வெறும் கறுப்பு மை. எங்களிடையே சாவுச் செய்திக்குத்தான் பிள்ளையார் சுழி போட மாட்டார்கள். அதை வீட்டுக்குள் வைக்காமல் கிழித்தும் விடுவார்கள். அம்மா போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால், தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்! நான் ஒப்பாரியோடு போய் விழ, அக்கா சிரிக்கிறார்.

"இப்படி எழுதுனாத்தான் நீ வருவேன்னு தெரியும்டி."

"நல்லா இருக்கிற என்னைய ஏன்டி சாகடிச்சீங்க?" என்று அம்மா எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். சிரித்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன்பின் நாங்கள் பேசாமல் இருந்த நாளே இல்லை.

"அந்தக் கடுதாசியில என்னதான் எழுதியிருந்தீங்கக்கா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டேன்.

"அதான் வந்துட்டியே, இனி எதுக்கு?" என்பதோடு சரி.

அக்கா நோயுற்றிருந்த நாட்களில் மாறி மாறித் துணையிருந்த லயத்துச் சனங்களுக்கும், கேட்ட நேரமெல்லாம் வேன் கொடுத்த கடைக்கார நானாவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உங்களில் யாரிடமாவது அந்தக் கடிதத்தில் எழுதியதை அக்கா சொல்லியிருந்தால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள்.