இடது பக்கம் இழுத்த வண்டி

"…ஒரே பக்கமா ஒக்காந்து ஒக்காந்து எறங்குனா, வண்டி சாயாம தேராட்டம் நேராவா போவும்?" என்று குழாயடியில் அம்மா குடத்தைப் பார்த்துச் சொன்னாள். குடத்துக்குக் காது இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். காது உள்ளவள் அடுத்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் என்பதும் தெரியும். அவள் என் பெரியம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அல்சூரில் எங்கள் லைன் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் நீலப் புகையும், துடைத்துப் போட்ட துணியில் ஏறிய கிரீஸும், யார் வீட்டிலோ தாளித்த சாம்பாரும் கலந்த வாசம் அது. இன்று எங்கேயாவது மண்ணெண்ணெய் நெடி வந்தால் எனக்கு விளக்கோ அடுப்போ நினைவுக்கு வருவதில்லை. ஓரகத்திகள் இருவரின் முகங்கள்தாம் வருகின்றன.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிய மோட்டார்சைக்கிள் அது. யாரோ ஓட்டிக் களைத்துப் போட்டதை வாங்கி, சிவப்பு பெயிண்ட் அடித்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் பெரியப்பா, ஒரு வாரம் அப்பா. ஞாயிறு காலை கழுவித் துடைத்துச் சாவியை மாற்றிக்கொள்வார்கள். "ஒரு உறையில ரெண்டு கத்தி போவுமா?" என்று கோடி வீட்டு ஆயா வாங்கின அன்றைக்கே கேட்டாராம். அதற்குப் பெரியப்பா, கத்தி நாங்க இல்ல, நாங்க சும்மா உறைதான் என்று சிரித்துவிட்டார். கத்திகள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பெரியம்மா நல்ல வாட்டசாட்டம். அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரையும் போலப் பின் சீட்டில் இரண்டு கால்களையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து உட்காருவாள். அவர்கள் வாரத்தில் வேலை இருக்கிறதோ இல்லையோ, சாயங்காலம் தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வண்டியில் ஏரிப் பக்கம் ஒரு சுற்று. பெட்ரோல் டேங்கின் மேல் என் பெரியம்மா மகள் சுமதி உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு போவாள். அம்மா அந்த நேரத்துக்கென்று வாசல் பெருக்க வருவாள். நான் படிக்கிற மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வண்டி திரும்பி வரும்வரை அம்மாவின் துடைப்பம் ஒரே இடத்தைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் வாரத்தில் நாங்களும் போனோம், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் வாரத்தில்தான் மழை வரும். எங்கள் வாரத்தில்தான் அப்பாவுக்குப் பிரஸ்ஸில் ஓவர்டைம் விழும். "நம்ம வாரம் வந்தா வாரத்துக்கே வயித்து வலி" என்பாள் அம்மா.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு இல்லை. சிவாஜிநகரில் சித்திக்கு வளைகாப்பு. அதற்கு முந்தின விசேஷத்தில் நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கியபோது, என் மாமாவின் மனைவி நாலு பேர் நடுவில் அம்மாவைக் கேட்டுவிட்டாள்: "வண்டி வாங்கிட்டீங்கன்னு சொன்னாங்க, பாத்தா பஸ்ஸுல வர்றீங்க. அது உங்க மச்சாண்டார் வண்டியாமே?" அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வளைகாப்பு எங்கள் வாரத்தின் முதல் நாளில் விழுகிறது என்று தெரிந்ததிலிருந்து அவள் காலண்டரைப் பார்ப்பதே தனி அழகாக இருந்தது. வண்டியில் போய் மண்டப வாசலில் இறங்க வேண்டும். தன் அண்ணியின் கண் முன்னால் இறங்க வேண்டும். பிறந்த வீட்டில் வண்டி யாருடையது என்பது அன்றோடு தீர வேண்டும். நான் டேங்க் மேல், தம்பி அம்மா மடியில் என்று இடம்கூட முடிவாகிவிட்டது.

காலையில் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போன அப்பா, தெருமுனையைத் தாண்டியதும் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. முன்பக்கம் கல் மாதிரி கிடக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் அமுங்கி எழ வேண்டியது எழுவதே இல்லை, ஹேண்டில் இடது பக்கம் இழுக்கிறது என்றார். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுல புள்ளைங்கள ஏத்திக்கினு நான் வர மாட்டேன் மல்லிகா. பஸ்ஸுலயே போயிடலாம்."

பெரியப்பா வெளியே வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் முன் சக்கரம் பஞ்சர் ஆனதையும், சக்கரத்தை மட்டும் கழற்றிக் கையிலேயே தூக்கிப்போய் ஒட்டிக்கொண்டு வந்து தானே மாட்டியதையும் சொன்னார். நன்றாகத்தான் மாட்டியிருக்கிறேன், இருட்டறதுக்குள்ள ஏரி வரைக்கும் போய்க்கூட வந்தோமே என்றார்.

ஏரி என்ற அந்த ஒரு சொல்தான். பஞ்சர் ஆன அன்றும்கூட, வாரம் முடிகிற கடைசி மாலையிலும், அவர்கள் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கேதான் மேலே சொன்ன பேச்சு.

அது ஒரு பேச்சுக்குச் சொன்னதில்லை, அம்மா நம்பித்தான் சொன்னாள். லைனில் இருந்த பாதிப் பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கட்டில் ஒரு பக்கமாகப் படுத்தால் சாய்கிறதே, செருப்பு ஒரு பக்கமாகத் தேய்கிறதே, வண்டி மட்டும் சாயாதா? ஒரு வாரத்துக்கு எதிர்ப் பக்கமாக உட்கார்ந்து ஓட்டினால் சரியாகிவிடும் என்று கோடி வீட்டு ஆயா வைத்தியமும் சொல்லிவிட்டார்.

பெரியம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முருங்கைக் காம்பைப் பார்த்துச் சொன்னாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அப்பாவுக்கு இந்தச் சண்டையில் காது போகவில்லை. வண்டியின் வயிற்றுக்கடியில் கல்லை முட்டுக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மறுபடி கழற்றினார். அச்சை உருவி மண்ணெண்ணெயில் கழுவித் தரையில் உருட்டிப் பார்த்தார். வளைசல் இல்லை. வாஷர் இருக்கிற பக்கத்தில் இருந்தது. பிரேக் தட்டு அதன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. எல்லாம் சரி, ஆனால் வண்டி சரியில்லை. மறுபடி சக்கரத்தை மாட்டி, அச்சைச் செருகி, நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே கட்டிலின் மேல் அம்மாவின் பச்சைப் பட்டு விரித்த மேனிக்குக் கிடந்தது.

பெரியப்பா கல்லை எடுத்துவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பேஜாரே வேணாம்டா கோபாலு. வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

சுமதி அழ ஆரம்பித்தாள். அவள் அழுததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. டேங்க் போனால் இரண்டு பேருக்கும் போகட்டுமே.

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக வண்டியிடம் வந்தாள். "நான் ஒக்காந்துதானே சாஞ்சுச்சு. இதோ ஒக்கார்றேன். எல்லாரும் நல்லா பாத்துக்குங்க, எந்தப் பக்கம் சாயுதுன்னு." பின் சீட்டில் இல்லை, டேங்கை ஒட்டி ஓட்டுகிறவர் இடத்திலேயே பக்கவாட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். பெரியப்பா பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து ஹேண்டிலை அழுத்தினார். முன்பக்கம் அப்படியே கீழே போய் மேலே வந்தது. 'டக்' என்று ஒரு சத்தம்.

அப்பா தரையில் சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்திருந்ததால் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சக்கரத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற குழாய்க் கால்களில் ஒன்று, அச்சின் மேல் அரை விரல்கூட இல்லாத அளவு நகர்ந்து போய்த் தன் இடத்தில் நின்றது.

"அண்ணி, எறங்காதீங்க," என்றார் அப்பா. "இன்னொரு தபா குதிங்க."

"என்னடா கிண்டலா?"

"சத்தியமா இல்ல அண்ணி. குதிங்க."

பெரியம்மா குதித்தாள். அமுங்கியது, எழுந்தது. மறுபடி குதித்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் இலகுவாக எழுந்தது. அப்பா படுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்து முதலில் நட்டையும் கடைசியாகக் காலின் அடியில் அச்சைக் கவ்வுகிற போல்ட்டையும் இறுக்கினார்.

விஷயம் இவ்வளவுதான். சனிக்கிழமை பெரியப்பா, ஏரிக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார். கால்கள் இரண்டும் கொஞ்சம் கோணலாக அகப்பட்டுக்கொண்டன. சக்கரத்தைத் தரையில் விட்டு, முன் பிரேக்கைப் பிடித்து, நாலு தடவை அமுக்கி எழவிட்டால் கால்கள் தாமே அச்சின் மேல் இடம் பார்த்து நின்றுகொள்ளும். கடைசி போல்ட்டை அப்புறம்தான் இறுக்க வேண்டும். "சம்பந்தி வீட்டுல போயி ஒக்காந்தவுடனே தட்ட மாத்திடக் கூடாது, மொதல்ல எல்லாரும் தோதா ஒக்காரணும்" என்று பெரியப்பா பிறகு பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார், கண்டுபிடித்தவர் தாம்தான் என்பது போல.

ஆக, யாருடைய பாரத்தால் வண்டி கோணிப்போனது என்று அம்மா சொன்னாளோ, அவள் பாரத்தாலேயே அது நேரானது. லைனே சிரித்தது. பெரியம்மா மகாராணி மாதிரி இறங்கி, முறத்தை எடுத்துக்கொண்டு, கீரையைப் பார்த்துக்கூட ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் யார் வண்டிக்கு முன் சக்கரம் மாட்டினாலும், கடைசி போல்ட்டுக்கு முன்னால் "பெரியக்காவைக் கூப்பிடு" என்பது வழக்கமாகிவிட்டது. கன்னடக்காரர்கள்கூட 'அக்கா, ஸ்வல்ப பன்னி', கொஞ்சம் வாங்க என்று வந்து அழைப்பார்கள். பெரியம்மா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போய், உட்கார்ந்து, குதித்து, காபி குடித்துவிட்டு வருவாள். அம்மா அவள் பூவுக்குப் பொறாமைப்பட்டாள், ஏரிக்குப் பொறாமைப்பட்டாள், கடைசியில் அவள் எடைக்கும் பொறாமைப்பட்டாள். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். உடம்பில் ஒட்டவில்லை. "எனக்கு எது ஒட்டுச்சு, இது ஒட்ட" என்றாள்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது பிஜி ஹாஸ்டல் நிற்கிறது. குழாயடி இல்லை, ஜாடைப் பேச்சு கேட்க குடமும் இல்லை. பெரியப்பாவும் அப்பாவும் போய்விட்டார்கள். போன வருஷம் பெரியம்மாவும். நான் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் அம்மாவுடன் இருக்கிறேன். பக்கவாட்டில் உட்கார்ந்து போகிற பெண்களை மேம்பாலத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. எல்லோரும் தாமே ஓட்டுகிறார்கள். சுமதி பெரிய மோட்டார்சைக்கிளே வைத்திருக்கிறாள். முன் டயர் மாற்றியபோது மெக்கானிக்கை நிறுத்தச் சொல்லி, தானே ஏறி உட்கார்ந்து குதித்தாளாம். தன் அம்மா குதித்த மாதிரியே இருந்தது என்று போனில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அம்மாவிடமிருந்து அந்த உடம்பு வந்திருக்கிறது. எனக்கு என் அம்மாவிடமிருந்து என்ன வந்திருக்கிறது என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

அன்று அப்பா மறுபடி ஒரு சுற்றுப் போய் வந்து, வெண்ணெயாட்டம் போவுது என்றார். அம்மா பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். என்னைத் தூக்கி டேங்க் மேல் வைத்தார்கள். கண்ணாடியில் முதலில் என் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் வாசலில் நின்ற சுமதியின் முகம் தெரிந்தது. லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வண்டியைச் சுற்றி நடந்து மறுபக்கத்துக்கு வந்தாள். பெரியம்மா வீட்டு வாசலுக்கு முதுகு தெரிகிற மாதிரி, பெங்களூரில் ஒரு பெண்ணும் உட்காராத வலது பக்கமாக ஏறி, இரண்டு கால்களையும் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். சிவாஜிநகர் மண்டப வாசல் வரைக்கும் அப்படியேதான் வந்தாள்.