நடுவில் செருகிய படம்

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: நிஜ வேகத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. எல்லாருக்கும் ஸ்லோமோஷன் வேண்டும். கேமரா எடுத்த படங்கள் அதற்குப் பத்தாது. ரெண்டு படத்துக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரே யூகித்து, புதுசாக ஒன்றை வரைந்து செருகும். யூகம் தப்பினால் திட்டு நமக்கு.

ஆறாவது விரல்

மதுரையிலேயே ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். தாலி கட்டும் காட்சியை நன்றாக இழுத்துக் கொடுத்திருந்தேன். பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கே வந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். மாப்பிள்ளை கையில் ஆறு விரல்! ஒன்று கம்ப்யூட்டர் வரைந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு முடிச்சுக்கு அஞ்சு விரலே போதும்மா."

ஒத்தக்கடை டிவி

"வீடியோ சீரியல் மாதிரி இருக்கு, என் மக என்ன நடிக்கவா போனா?" என்று ஒரு அம்மா போனில் பிடித்துக்கொண்டார். பஸ் ஏறி ஒத்தக்கடை போனேன். என் தப்பு இல்லை. புது டிவியும் தன் பங்குக்கு நடுவில் படம் செருகி, எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கியிருந்தது. செட்டிங்கில் போய் அதை அணைத்தேன். அந்த அம்மா மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எங்க வீட்டு ஆளுக மாதிரி இருக்காக. இரு, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார்.

வாடிப்பட்டி கோடு

கபடி பைனல். ஜெயித்த அணியில் பாடி வந்தவன் கால் எல்லைக் கோட்டை மிதித்ததா என்று தகராறு. இல்லை என்று நடுவர் சொல்ல, தோற்ற அணி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ரெண்டு கேப்டன்களும் செல்போன் வீடியோவோடு என்னிடம் வந்தார்கள். கல்யாண வீடியோ மாதிரியே ஸ்லோமோஷனாக்கி ஓட்டினேன். கால் கோட்டில் பளிச்சென்று பதிந்தது. "அவுட்டுதான!" என்று குதித்தான் தோற்ற அணியின் கேப்டன். அவன் அண்ணன் கல்யாண ஆர்டர் எங்களிடம்தான் இருந்தது.

எனக்கு உறுத்தியது. மூல வீடியோவை ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். கோட்டில் கால் எங்கேயும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தம்பி, இது கேமரா எடுத்த படம் இல்ல, கம்ப்யூட்டர் போட்டது" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. அந்த ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். "பொய்க் காலை வச்சுக் கப்பு வாங்கி என்னக்கா செய்ய? அண்ணன் கல்யாணத்துக்கு நீங்களே வாங்க."

இல்லாததை வரைந்து செருகியே இத்தனை வருஷம் பிழைத்துவிட்டேன். மாட்டிக்கொண்ட போதெல்லாம் நல்ல மனுஷர்கள் கையிலேயே மாட்டியதுதான் என் ஒரே திறமை.