சொட்டு மருந்தைக் கவனித்த தோழி

சென்ற ஆண்டு தாம்பரத்தில் யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். பயிற்சியின் முடிவில் வெளியாட்களுக்கு நாங்களே வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். என் முறை வந்தபோது, எங்கள் தெருவில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை ஸ்டெல்லா அக்காவையும் அழைத்துப் போனேன்.

"யாருக்காவது உடம்புல ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டேன். எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். தோளை ஊன்றி உடம்பைத் தலைகீழாகத் தூக்கும் சர்வாங்காசனம் வந்தது. ஸ்டெல்லா அக்கா படுத்துக் காலைத் தூக்க, நான் இடுப்பைத் தாங்கப் போனேன்.

"கலை, ஒரு நிமிஷம்!" என்று ஓடி வந்தாள் என்னுடன் பயின்ற பாத்திமா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். "அக்கா, கிளாஸுக்கு முன்னாடி கண்ணுல டிராப்ஸ் போட்டீங்களே, அது எதுக்கு?"

"கண்ணுல பிரஷர்னு டாக்டர் குடுத்தார்மா. அதுக்கும் யோகாவுக்கும் என்ன?"

உடனே அக்காவின் கால்களை மெல்லக் கீழே இறக்கினேன். கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் செய்யக் கூடாது, செய்தால் அழுத்தம் இன்னும் ஏறும் என்று பாடத்தில் படித்திருந்தேன். வகுப்பை நன்றாக நடத்திக் காட்டும் பதற்றத்தில், ஒவ்வொருவரிடமும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அக்காவுடன் கண் மருத்துவரிடம் போனேன். "நல்லவேளை, செய்யாம விட்டீங்க" என்றார் அவர்.

இப்போது பொழிச்சலூரில் வகுப்பு எடுக்கிறேன். புதிதாக யார் வந்தாலும் தனியே உட்கார வைத்து, என்ன மாத்திரை, என்ன மருந்து என்று கேட்ட பிறகே பாயை விரிக்கச் சொல்கிறேன். ஸ்டெல்லா அக்காவும் வருகிறார். தலை தாழாத ஆசனங்களை மட்டும் செய்கிறார். பாத்திமாவிடம் நேரில் நன்றி சொன்னால், "அட, போடி" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

– கலைச்செல்வி, பொழிச்சலூர்