சுத்தம் செய்த காவடிப் பாட்டு

இன்று பழனி அடிவாரத்தில், பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்குப் போனேன்.

நம்மூர் காவடி செட்டு பாடிய பழைய காவடிப் பாட்டைப் போட்டார் கடைக்காரர். "ஸ்டுடியோவுல குடுத்து இரைச்சலெல்லாம் எடுத்தாச்சுண்ணே."

"பினாயில் ஊத்திக் கழுவிட்டீங்களாக்கும்" என்றேன். சிரித்தார்.

பக்கத்தில் பாட்டு ஏற்ற நின்ற தாண்டிக்குடி அக்கா ஒருவர் சிரிக்கவில்லை.

"தம்பி, பாட்டுக்கு முன்னால 'ஏலே, வெரசா அடிங்கடா'ன்னு ஒரு சத்தம் வருமே?"

"அது தெரியாமப் பதிஞ்சதுக்கா. வெட்டிட்டாங்க."

"அது எங்க வீட்டுக்காரர் தம்பி. உறுமி அடிச்சதும் அவருதான். தைப்பூசத்துக்கு முன்னால தவறிட்டாரு. அவரு பேச்சு வேற எதுலயும் இல்ல."

கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடினார். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றியிருந்தார்.

"உறுமி முன்னைக்கு இப்ப நல்லாக் கேக்குதுக்கா" என்றார் மெதுவாக.

"உறுமிய யாரு வேணாலும் அடிப்பாங்க தம்பி."

அக்கா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நம்மூர்ப் பாட்டிலேயே மட்டமான பதிவு எது என்று நேற்றுக் கேட்டிருந்தால், அந்தப் பழையதைத்தான் சொல்லியிருப்பேன். யார் வீட்டிலாவது அது கிடந்தால் அனுப்புங்கள். கேட்கச் சுத்தமாக இருந்தால் அனுப்ப வேண்டாம்.