ஆளுக்கொரு ஃபியூஸ் கட்டை

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் என்றால் ஊருக்கே கொண்டாட்டம். எனக்கு மட்டும் அது பயமான நாள். தேர் போகிற வழியில் வீதிக்குக் குறுக்கே ஓடும் கரண்ட் கம்பிகளை விடியும்போதே அவிழ்த்து இறக்கி, தேர் நிலைக்கு வந்தபிறகு திரும்ப ஏற்றிக் கட்ட வேண்டும். கம்பம் ஏறுகிற லைன்மேன் நான். நான் மேலே இருக்கும்போது கீழே யாராவது கரண்டைக் கொடுத்துவிட்டால் என் கதை முடிந்தது.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு முப்பது வயது இருக்கும். எனக்கு மேலே இரண்டு பேர். ஒருவர் மேஸ்திரி, ரிடையராகப் போகிறவர். ஊரில் பாதிக் கம்பங்கள் அவர் நட்டவை. மற்றவர் புதிதாக வந்த சூப்பர்வைசர், தொட்டியத்துக்காரர், பாலிடெக்னிக் முடித்த சூடு ஆறாதவர். மேஸ்திரி அவரைத் தம்பி என்று கூப்பிடுவார். அவருக்கோ சார் என்று கூப்பிட வேண்டும். அதனால் நேருக்கு நேர் பேச்சே கிடையாது, எல்லாம் என் வழியாகத்தான்.

"கம்பி தொய்வா இருக்குன்னு தம்பிகிட்ட சொல்லுப்பா" என்பார் மேஸ்திரி.

"எனக்கும் கண்ணு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் சூப்பர்வைசர். மூன்று பேரும் ஒரே கம்பத்தடியில்தான் நின்றுகொண்டிருப்போம்.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். தேருக்கு முந்தின மாதம் ஒருநாள் நான் கம்பத்தில் இருந்தேன். மேஸ்திரி கரண்ட் கொடுக்க வேண்டாம் என்று துண்டை ஆட்டினார். அதைக் கவனிக்காமல் சூப்பர்வைசர் கொடுக்கச் சொல்லி விசில் ஊதினார். டிரான்ஸ்பார்மர் பெட்டியருகே நின்ற உதவியாள் கொடுத்துவிட்டான். நான் அப்போதுதான் கம்பியிலிருந்து கையை எடுத்திருந்தேன். இறங்கி வந்தால் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள், அதையும் என்னிடமே சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை.

"பெட்டியில மூணு ஃபியூஸ் கட்டை இருக்கு. தேரன்னிக்கு மூணையும் உருவி ஆளுக்கொண்ணு வச்சுக்குவோம். ஒண்ணைச் சொருகினாலும் கம்பியில கரண்ட் வந்துடும், அதனால மூணு பேரும் பெட்டிகிட்ட வந்து நிக்கிற வரைக்கும் ஒண்ணைக்கூடச் சொருகக் கூடாது. முடியாதுன்னா வேற ஆளை ஏத்திக்குங்க."

"இது என்ன புது வழக்கம்?" என்றார் மேஸ்திரி. "ரூல்ல இப்படி இல்லையே" என்றார் சூப்பர்வைசர். அவர்கள் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை, எனக்கு எதிராக. நான் ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்தேன்.

தேரன்று கட்டையை டிராயர் பையில் போட்டுக்கொண்டு தேரோடேயே அலைந்தேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முசிறி, உப்பிலியபுரம் பக்கத்து ஜனமெல்லாம் வீதியில்தான் இருந்தது. திருப்பத்தில் தேர் நின்றுவிட்டால் அவர்கள் நிம்மதியாக மோர் குடித்தார்கள். எனக்கு உள்ளங்கால் கொதித்தது. மேலே ஏறின பிறகு இந்த இரண்டு பேரும் வாக்கைக் காப்பார்களா என்கிற ஒரே நினைப்பு.

ஒருவழியாகத் தேர் நிலைக்கு வந்தது. நல்ல உச்சி வெயில். ஏறி ஏறிக் கட்டினேன். வடக்குச் சித்திரை வீதியில் கடைசிக் கம்பத்திலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தேன். ஒரு கட்டு எனக்குத் திருப்தியாக இல்லை. திரும்ப ஏறினேன். யாரும் கவனிக்கவில்லை.

டிரான்ஸ்பார்மர் இருந்தது வேறு வீதியில். அங்கே நடந்ததை அந்த உதவியாள்தான் பிறகு எனக்குச் சொன்னான். கடைசிக் கம்பத்திலிருந்து நான் இறங்கியாயிற்று என்று அங்கே செய்தி போய்விட்டது. குடிதண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று ஜனங்கள் சத்தம் போட, மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஆள்தான் இறங்கிட்டானே, இருக்கிற ரெண்டைச் சொருகுங்க. பாதி ஊருக்காவது கரண்ட் வரட்டும்."

"மேஸ்திரி சொன்னாத்தான் சார். அனுபவஸ்தர்" என்றாராம் சூப்பர்வைசர்.

அதிகாரி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "சூப்பர்வைசர் உத்தரவு இல்லாம நான் தொட மாட்டேங்க" என்றாராம் அவர்.

அதிகாரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தியிருக்கிறார். கிடைத்தது அதே இரண்டு பதில்தான். இளையவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூத்தவருக்குப் பென்ஷன் வாங்குகிற நேரம். இரண்டு பேருக்கும் மெமோ வரும் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தேன்.

"எங்கேப்பா போய்த் தொலைஞ்சே?" என்று மேஸ்திரி பாய்ந்தார். "இறங்கி எவ்வளவு நேரமாச்சு? எங்களைச் சந்தி சிரிக்க வச்சிட்டீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு கட்டு சரியில்லை. திரும்ப ஏறினேன்."

"எப்போ?"

"இப்பத்தான் இறங்கி வரேன். மேலேருந்து பார்த்தேனே, ஜீப் அந்த முனையில திரும்பிப் போச்சு."

மேஸ்திரி தன் கட்டையை எடுத்து சூப்பர்வைசரிடம் நீட்டினார். "நீங்களே சொருகுங்க."

சூப்பர்வைசர் அதை வாங்கிக்கொண்டார், என்னுடையதையும் வாங்கிக்கொண்டார். உடனே பெட்டியைத் திறக்கவில்லை. என் தோளில் கையை வைத்து அழுத்தி, நான் தரையில்தான் நிற்கிறேனா என்று குனிந்து என் காலைப் பார்த்தார்.