உங்கள் முகவரி மாறுகிறது

இணையம் ஓடும்போது எங்களை யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். தூத்துக்குடியில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைப்பு கொடுக்கும் சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. அந்தப் பழைய முகவரிகள் தீர்ந்துபோனதால் நாங்களும் புது வகைக்கு மாறவேண்டி வந்தது. நல்ல செய்தி சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நீங்களும் என்றால், மேலே படியுங்கள்.

குறுஞ்செய்தி

'உங்கள் பழைய முகவரி வெள்ளியோடு முடிகிறது. புது முகவரி நாங்களே தருவோம்' என்று எல்லோருக்கும் அனுப்பினேன். நல்ல தமிழில் எழுதிய பெருமை வேறு. மறுநாள் காலை ஆதாரும் கேஸ் புத்தகமுமாக வாசலில் ஒரு கூட்டம். இது வீட்டு முகவரி இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

எல்லோரும் போனபிறகும் ரோஸ்லின் அக்கா நின்றார். தோளில் நாலு மாதப் பெண் குழந்தை. அது பிறக்கும் முன்பே கணவர் சரக்குக் கப்பலில் போய்விட்டார். வீட்டுக் கேமராவில்தான் மகளைப் பார்க்கிறார். இன்றோ நாளையோ குப்புற விழும், அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று துடிக்கிறாராம். ஒன்றும் ஆகாது அக்கா என்று சிரித்தேன்.

"சிரிக்காதளா. விலாசம் மாறிட்டா அவரு எப்படி வீட்டக் கண்டுபிடிப்பாரு?"

பூச்சியம்

உடன்குடி கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி ஒருவருக்கு, கடைக் கேமராவின் புது முகவரியைப் போனில் வாசித்தேன். எண், எழுத்து, முக்காற்புள்ளி என்று அது பாட்டுக்கு நீளும். ஓரிடத்தில் இரண்டு முக்காற்புள்ளி சேர்ந்து வந்ததும் நிறுத்தினார். அங்கே வரிசையாகப் பூச்சியம்தான், எழுதாமல் விட்டுவிடலாம் என்றேன்.

"பூச்சியத்த விட்டுட்டு எழுதலாம்னு அப்பமே சொல்லிருந்தா, பத்தாங்கிளாஸ்ல கணக்குல பாஸாயிருப்பேம்மா."

ஒரே ஒரு முகவரி

வெள்ளிக்கிழமை மாற்றினோம். சனிக்கிழமை ரோஸ்லின் அக்கா வந்துவிட்டார். அவர் போனில் பிள்ளை பளிச்சென்று தெரிகிறது. கப்பலில் மட்டும் வெறும் இருட்டு. கப்பலின் இணையம் இன்னும் பழைய வகை, புது முகவரி அதற்குப் புரியாது. அக்கா கேட்டதுதான் சரி, சிரித்த நான்தான் முட்டாள். வெட்கமாக இருந்தது.

பழைய முகவரிகளைத் துழாவினேன். எல்லாவற்றையும் பலருக்குப் பங்கு போட்டாகிவிட்டது, வெளியிலிருந்து கேமராவைப் பார்க்கவோ தனி முகவரி வேண்டும். தனியாக மிஞ்சியது ஒன்றே ஒன்று: மேலாளர் வெளியூர் போனாலும் எங்களை வேவு பார்க்க உதவும் ஆபீஸ் கேமராவின் முகவரி. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குடுத்துருங்க. நீங்க தூங்குறத நான் பாத்து என்ன ஆகப்போவுது?"

குப்புற

செவ்வாய்க்கிழமை அக்கா இனிப்போடு வந்தார், முகம் மட்டும் உர்ரென்று. மறுபடியும் இருட்டோ என்று கேட்டேன். இல்லை, கப்பலில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. கோபமே அதுதான்.

"பெத்தவ நான் அடுப்படியில நிக்கேன். நடுக்கடல்ல கெடக்குற மனுசன் போன் போட்டு, பிள்ள குப்புற விழுந்துட்டா, போயி பாருன்னு எனக்குச் சொல்லுதாரு."

ஊர் முழுக்கப் புது முகவரிக்குப் போய்விட்டாலும் அந்தப் பழைய ஒன்றை மட்டும் பிள்ளை நடக்கும்வரை தொடுவதில்லை என்று வைத்திருக்கிறோம், மேலாளர் வெளியூர் போனால் நிம்மதியாகத் தூங்கவும் செய்கிறோம்.